புகையிலைக் கஷாயமும் மாதம்மாளின் கொடிக்காலும்

போன மாதம் வேளாண் விரிவாக்க அலுவலகத்திலிருந்து கோமதி என்ற இளம் அதிகாரி என்னைத் தேடி வந்தார். வீட்டுத் தோட்டம் போடும் பெண்களுக்கு வகுப்பு எடுக்கிறாராம். அவரைக்காய்ப் பந்தலுக்கும் கத்தரிக்கும் கடை விஷத்தைத் தூவாமல், செடி கொடியிலிருந்தே எடுக்கும் சாற்றால் பூச்சியை அடக்கும் முறைகள் வேண்டும் என்றார். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். புகையிலைக் கஷாயத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினார்.

"இது இயற்கையானதுதானேங்க ஐயா? ஆபத்து ஒண்ணும் இல்லையே?"

"அளவோட அடிச்சா நல்லதும்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகு அந்தப் பதில் எனக்கே போதவில்லை. முழுப் பதிலும் ஒரு வெற்றிலைக் கொடிக்காலில் நடந்த விஷயம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் படித்தது நாலாம் வகுப்பு. தருமபுரியில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் விவசாய இலாகாவில், குடியானவர்களுக்குச் செய்முறை காட்டும் டிமான்ஸ்ட்ரேட்டராக இருந்த சேஷகிரி ராவ், பித்தளைத் தெளிப்பான் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். பம்பை அழுத்தினால் வெறும் காற்றுதான் வந்தது. பிரித்துப் பார்த்தேன். உள்ளே தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருந்தது. பழைய செருப்புத் தோலை வட்டமாக நறுக்கி, விளக்கெண்ணெயில் ஊறவைத்து மாட்டிக் கொடுத்தேன். தண்ணீர் பனி மாதிரிச் சீறிக்கொண்டு வந்தது. ராவ் சார் தன் கையை அதில் நீட்டிப் பார்த்தார்.

"இதைத் தூக்கிக்கிட்டு என்னோட வர்றியா முனுசாமி?"

அப்படித்தான் நான் பம்பு மேஸ்திரி ஆனேன். கோயமுத்தூர்ப் பண்ணையில் மூன்று மாதம் பயிற்சி கொடுத்தார்கள். பூச்சியில் இலையைக் கடித்துத் தின்பது ஒரு ஜாதி, ஊசி குத்திச் சாற்றை உறிஞ்சுவது இன்னொரு ஜாதி. கடிக்கிற பூச்சிக்கு இலைமேல் விஷம் இருந்தால் போதும். உறிஞ்சுகிற பூச்சிக்கு அதன் உடம்பிலேயே பட வேண்டும். அங்கே கற்றதில் இன்றுவரை மறக்காமல் நிற்பது இதுதான். மற்றதெல்லாம் ராவ் சாரின் பின்னால் நடந்து கற்றது.

அவர் ஒல்லியான மனிதர். வீட்டில் கன்னடம் பேசுவார், எங்களிடம் நிறுத்தி நிறுத்தித் தமிழ் பேசுவார். சட்டைப் பொத்தானில் ஒரு கருப்பு நூலைக் கட்டி, அதன் நுனியில் பூதக்கண்ணாடியைத் தொங்கவிட்டிருப்பார். யார் தோட்டத்துக்குப் போனாலும், "இலையைத் தொடலாமாங்க?" என்று கேட்காமல் தொட மாட்டார். தொட்ட பிறகு அரைமணி நேரத்துக்கு வாயே திறக்க மாட்டார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இலையின் அடிப்பக்கத்தை ஒவ்வொன்றாகத் திருப்புவார். சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். தெரியாவிட்டால், "தெரியலீங்க, நாளைக்கு விடிகாலையில வந்து பார்த்துச் சொல்றேன்" என்பார். அரசாங்கத்து ஆள் ஒருவர் தெரியவில்லை என்று சொல்வதை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

ஒரு வார்த்தையில் மட்டும் அவருக்குப் பிடிவாதம் இருந்தது. இலாகாவின் துண்டுப் பிரசுரத்தில் 'புகையிலைக் கஷாயம்' என்று அச்சடித்திருந்தது. அவர் அந்தக் கஷாயத்தைப் பென்சிலால் அடித்துவிட்டுச் 'சாறு' என்று எழுதுவார்.

"கஷாயம்னா ஜனங்க உடம்புக்கு நல்லதுன்னு நினைச்சுக்குவாங்க. நினைச்சா அவங்க மேல தப்பு இல்லை."

வயதான மனிதர் ஏதோ எழுத்துப் பிழை திருத்துகிறார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்பு, சித்தேரி மலைக்குக் கீழே, பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து ஏரிப் பாசனத்தில் வெற்றிலை பட்டுப்போவதாகச் சேதி வந்தது. நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கொடிக்கால் வைத்திருந்தவர் தீர்த்தகிரி. அவர் மனைவி மாதம்மாள். கொடிக்காலின் மூளை மாதம்மாள்தான் என்பது நாங்கள் போன கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டது. தீர்த்தகிரி நல்ல மனிதர், பேச்சு குறைவு. எதைக் கேட்டாலும் மனைவி பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

கொடிக்காலுக்குள் செருப்போடு யாரும் போவதில்லை. ராவ் சார் வரப்பிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டு, சேற்றில் வெறுங்காலோடு இறங்கினார். கொடி படர்ந்த அகத்தி மரங்களின் நிழலில் உள்ளே குளுகுளுவென்றிருந்தது. ஆனால் கொழுந்து இலைகளில் எல்லாம் எண்ணெய் தெறித்ததுபோலப் புள்ளிகள். அடுத்த இலையில் அந்தப் புள்ளி கறுத்திருந்தது. அதற்கும் அடுத்தது சுருண்டு தொங்கியது.

"போன வருசமும் இப்பிடித்தானுங்க சாமி" என்றார் மாதம்மாள். "முன்னூறு கொடி போச்சு. ஏதோ தோசம்னு படையல் போட்டோம். இந்த வாட்டியும் போச்சுன்னா நெலத்துக்காரரு குத்தகை நெலத்தைத் திருப்பிக் கேப்பாரு. அகத்தி வச்சு, கொடி வச்சு ரெண்டு வருசம் காத்திருந்ததெல்லாம் வீணாப்பூடும்."

"பருத்திக்காரங்க ஒரு வெள்ளைப் பொடி அடிக்கிறாங்களேங்க" என்றார் தீர்த்தகிரி.

"அது பாஷாணம். பருத்தியை யாரும் தின்னுறதில்லை. இதைப் பறிச்ச கையோட பச்சையா மெல்றாங்க." ராவ் சார் எழுந்தார். "பூச்சி எதுன்னு எனக்கு இன்னும் தெரியலீங்க. நாளைக்கு வெளுக்கும்போது வர்றேன்."

மறுநாள் கிழக்கு வெளுக்கும் நேரத்தில் போனோம். பனியில் விறைத்துக்கிடந்த பூச்சிகளை இலையின் அடிப்பக்கத்தில் பார்த்தோம். மெலிந்த உடம்பு, நீண்ட கால்கள், செம்பழுப்பு நிறம். மூட்டைப்பூச்சிக்கு உறவுமுறை. வெயில் ஏறினால் ஒளிந்துகொள்ளும். பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்த மாதம்மாள் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"மூஞ்சியில ஊசி வச்சிருக்குதே" என்றார். பிறகு கணவரைப் பார்த்து, "இதுக்கா ஆட்டை வெட்டுனோம்?" என்றார்.

சாறு காய்ச்சும் முறையை அப்படியே சொல்கிறேன். நாலு ராத்தல், அதாவது இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக, புகையிலைக் காம்பும் கழிவும். நல்ல இலை தேவையில்லை, பீடிக்காரர்கள் ஒதுக்கிப் போடுவதே போதும். ஒரு மண்ணெண்ணெய்த் தகரம் நிறைய, சுமார் பதினெட்டு லிட்டர் தண்ணீரில் ஒரு பகலும் ஓர் இரவும் ஊற வேண்டும். அவசரமென்றால் அரைமணி நேரம் கொதிக்க வைக்கலாம், ஆனால் ஆவியில் முகத்தைக் காட்டக்கூடாது. துணியில் இரண்டு முறை வடிகட்ட வேண்டும், இல்லாவிட்டால் பம்பின் மூக்கு அடைத்துக்கொள்ளும். ஒரு ராத்தல் பார் சோப்பைச் சீவி, வெந்நீரில் தனியாகக் கரைத்து இதோடு சேர்க்க வேண்டும். சோப்பு சேர்ந்தால்தான் வழுக்காமல் பூச்சியின் உடம்பில் ஒட்டும். யுத்த காலத்தில் சோப்பு கிடைக்காமல் பூந்திக்கொட்டையை ஊறவைத்து அந்த நுரையைச் சேர்த்தோம். அதுவும் கைகொடுத்தது. இப்படி எடுத்த மூலச்சாறு ஒரு பங்கு என்றால் ஆறு பங்கு தண்ணீர் ஊற்றி, காற்று இல்லாத விடிகாலையில், இலைக்கு அடியிலிருந்து மேல்நோக்கி அடிக்க வேண்டும். அடித்த பிறகு பத்து நாளைக்கு இலை கிள்ளக்கூடாது. மிஞ்சிய மூலச்சாற்றைக் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்டாத இடத்தில் குழி தோண்டி ஊற்றி மூட வேண்டும். ஒரு சொட்டுக்கூட யார் வீட்டிலும் விடக்கூடாது. இந்தக் கடைசி விதி பிரசுரத்தில் கிடையாது. ராவ் சார் போட்டது.

முதல் தெளிப்புக்குக் கொடிகளுக்குக் கீழே வெள்ளை வேட்டியை விரித்து வைத்தோம். கொஞ்ச நேரத்தில் பூச்சிகள் பொரிந்த எள் மாதிரி வேட்டியில் விழுந்தன. பக்கத்துக் கொடிக்கால்காரர்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள். ஆனால் முட்டைகள் தண்டுக்குள் இருக்கும், அவை பொரிந்ததும் மறுபடி அடிக்க வேண்டும் என்று ராவ் சார் சொல்லியிருந்தார். பத்தாம் நாள் இரண்டாவது தெளிப்பு. அன்று அவருக்கு அரூரில் வேலை. நான் தனியாகப் போனேன்.

தனியாகப் போனதில் எனக்கு ஒரு மிதப்பு இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஊரே என்னை மேஸ்திரி மேஸ்திரி என்றது. வேலை முடிந்தபோது அரைச் சட்டி மூலச்சாறு மிஞ்சியது. குழி தோண்ட மண்வெட்டியை எடுத்தேன். மாதம்மாள் ஓடி வந்தார்.

"அதை ஏங்க மண்ணுல கொட்டுறீங்க? எங்க வூட்டு அவரைப் பந்தல்ல அசுவினிப் பூச்சி அப்பிக் கெடக்குதுங்க. குடுத்துட்டுப் போங்களேன்."

"சார் விட மாட்டாருங்க."

"அவரு எதுக்கு விட மாட்டாரு? ஆபத்தான சாமானா?"

நான் சிரித்தேன். "ஆபத்தென்னங்க, புகையிலைத் தண்ணிதானே? பயப்பட ஒண்ணுமில்லை. ஒண்ணுக்கு ஆறு தண்ணி கலந்து அடிங்க."

சட்டியைக் கொடுத்துவிட்டு சைக்கிளில் ஏறினேன். வழி நெடுகச் சீட்டியடித்துக்கொண்டே போனது நினைவிருக்கிறது.

நாலாம் நாள் காலையில் ராவ் சாரும் நானும் பலனைப் பார்க்கப் போனோம். கொடிக்கால் வரப்பில் தீர்த்தகிரி எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தார். வாய் குழறியது.

"சாமி, வந்து பாருங்க சாமி. அவளுக்கு என்னமோ ஆவுது."

வீட்டு வாசலில் மாதம்மாள் சுருண்டு கிடந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. வாயிலிருந்து எச்சில் வழிந்துகொண்டேயிருந்தது. வாந்தி எடுத்து எடுத்து இனி எடுக்க ஒன்றுமில்லை. வியர்வையில் சேலை நனைந்திருந்தது, கையைத் தொட்டால் சில்லென்றிருந்தது. விரல்கள் தாமாக நடுங்கின. ராவ் சார் குனிந்து அவர் தலைக்கு அருகில் மூக்கைக் கொண்டுபோனார். எனக்கு நின்ற இடத்திலேயே அந்த வாசனை வந்துவிட்டது.

"தலையில என்ன தேய்ச்சாங்க?"

"பேன் தொல்லைங்க சாமி. அந்தப் பூச்சி அப்பிடிச் செத்து உழுவுதே, பேன் சாவாதான்னு சொல்லிட்டு காலையில தலை முச்சூடும் தேச்சிக்கினா. சொறிஞ்சு சொறிஞ்சு ரத்தமா இருந்துச்சு. எரியுதுன்னா. அப்புறம் தலை சுத்துதுன்னா."

ராவ் சார் ஒரு நொடிகூட வீணாக்கவில்லை. "கிணத்துத் தண்ணி கொண்டாங்க. குடம் குடமா வேணும். சோப்பு எடு முனுசாமி. அக்கம்பக்கத்துப் பொம்பளைங்களைக் கூப்பிடுங்க, அந்தச் சேலையை மாத்தட்டும். கூந்தலை வெட்டிடுங்க. ஒருக்களிச்சே படுக்க வைங்க, மல்லாத்தாதீங்க." அவர் குரல் எப்போதும் போலவே தாழ்வாக இருந்தது. ஆனால் யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி அரிவாள்மனையில் கூந்தலை அறுத்தாள். ஊற்றித் தேய்த்து, ஊற்றித் தேய்த்து, தண்ணீர் நிறம் வெளுக்கும்வரை கழுவினார்கள்.

அப்போதுதான் ராவ் சார் கண்ணில் சட்டி பட்டது.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

தீர்த்தகிரி என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நாங்கதான் சாமி, மேஸ்திரிக்குத் தெரியாம எடுத்து வச்சிக்கினோம்."

நான் வாயைத் திறக்கவில்லை.

"சைக்கிளை எடு. ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைக் கையோட கூட்டிக்கிட்டு வா. புகையிலை விஷம், தலைத்தோல் வழியான்னு சொல்லு. மறக்காம அப்படியே சொல்லு."

ஆஸ்பத்திரி ஐந்து மைல். மண் ரோடு. அந்த ஐந்து மைலும் பெடலை மிதித்த கால் என்னுடையதாகவே தெரியவில்லை. அந்த அம்மாள் செத்துவிடக்கூடாது என்று வேண்டினேன். அதோடு கூடவே இன்னொன்றும் மனதுக்குள் ஓடியது: தீர்த்தகிரி சொன்னது அப்படியே நின்றுவிட்டால் என் வேலை தப்பிக்கும். இரண்டும் ஒரே மனதில்தான் ஓடின. இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

டாக்டர் வண்டியில் வந்து சேர்ந்தார். ஊசி போட்டார். நாடியைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கழுவியது நல்லதாயிற்று, இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தால் சொல்ல முடியாது என்றார். உச்சிப்பொழுது சாயும்போது மாதம்மாள் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார். அவரை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

திரும்பும் வழியில் ராவ் சார் சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே நடந்தார். நானும் பின்னால் தள்ளிக்கொண்டு நடந்தேன். புளியமரச் சாலை வந்ததும் எனக்கு அடக்க முடியவில்லை.

"சார், அவங்க எடுத்து வைக்கலை. நான்தான் குடுத்தேன்."

அவர் நின்றார். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

"குடுக்கும்போது என்ன சொன்னே?"

"புகையிலைத் தண்ணிதானே, பயப்பட ஒண்ணுமில்லைன்னேன்."

"ம்." சைக்கிள் கைப்பிடியை இரண்டு முறை துடைத்தார். "சட்டியைக் குடுத்தது ஒரு தப்பு. அதைவிட இந்தப் பேச்சு பெரிய தப்பு. சட்டியில இருந்ததுக்கு அவங்க பயந்திருப்பாங்க. உன் பேச்சை நம்பிட்டாங்க." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் அவங்ககிட்டயே சொல்லிடு. ரிப்போர்ட்டு நான் எழுதறேன். என்ன எழுதினேன்னு உனக்குப் படிச்சுக் காட்டறேன்" என்றார்.

படித்துக் காட்டினார். அதில் என் தவறு இருந்தது. மேற்பார்வை இல்லாமல் மேஸ்திரியைத் தனியே அனுப்பியது தன் தவறு என்று அவர் பெயரும் இருந்தது. எனக்கு ஒரு மாதம் பம்பைத் தொடக்கூடாது என்று தண்டனை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் மாதம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலையில் முடி இல்லை. தீர்த்தகிரி கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொல்லி முடித்தேன். மாதம்மாள் முதலில் கணவரிடம் திரும்பினார்.

"நீ எதுக்குப் பொய் சொன்னே?"

"மேஸ்திரி வேலை போயிடுமேன்னு..."

"என் உசுரு போனாலும் அதைத்தான் சொல்லியிருப்பியா?"

மாதம்மாள் என்னிடம் திரும்பினார். குரல் இன்னும் பலவீனமாகத்தான் இருந்தது.

"தெரியாதுன்னு நீங்க சொல்லியிருந்தா நான் வச்சிருக்க மாட்டேனுங்க. பெரிய சாமி எத்தனை தபா தெரியாதுன்னு சொன்னாரு? உங்களுக்கு மட்டும் அந்த ஒரு வார்த்தை வாயில வரலையா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் மாதம்மாள், "கொடி எப்பிடி இருக்குது?" என்று கேட்டார்.

கொடி நன்றாக இருந்தது. புதுக் கொழுந்து புள்ளியில்லாமல் வந்திருந்தது. ஆனால் அடுத்த சந்தையிலேயே வேறு தொல்லை தலைகாட்டியது. தீர்த்தகிரியின் வெற்றிலையை மென்றுதான் அவர் மனைவி சாகக் கிடந்தாள் என்று பேச்சு பரவிவிட்டது. கழுவிய இலையைக்கூட வியாபாரிகள் கையால் தொடவில்லை. பக்கத்துக் கொடிக்கால்களில் பூச்சி பெருகிக்கொண்டிருந்தது. அவர்களும் எங்களை உள்ளே விட மறுத்தார்கள். அங்கே பெருகினால் இங்கே மறுபடி வரும். ஒருவர் பருத்திக்கு அடிக்கும் பாஷாணப் பொடியை வாங்கி வைத்துவிட்டதாகவும் கேள்விப்பட்டோம்.

ராவ் சார் பக்கத்து ஊர்ப் பொது இடத்தில் கூட்டம் போட்டார். ஐம்பது அறுபது பேர் வந்திருப்பார்கள். என்னை எழுந்து நிற்கச் சொன்னார்.

"நடந்ததை நீ சொல்லு."

கூட்டத்தில் நான் பேசியதே கிடையாது. "ஒரு வூட்டுல ஒரு அம்மா, எங்க ஆளு ஒருத்தர் விட்டுட்டுப் போன சாறை..." என்று தொடங்கினேன்.

"ஒரு அம்மா இல்லீங்க. நான்தான்."

எல்லாரும் திரும்பினார்கள். மாதம்மாள் ஒரு கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தார். தலைமேல் போட்டிருந்த முந்தானையைத் தள்ளினார். அரை விரல் அளவுதான் முடி வளர்ந்திருந்தது. அந்தக் கோலத்தில் ஒரு சுமங்கலி நாலு பேர் முன்னால் வந்து நிற்பது அந்தக் காலத்தில் சாமானியமான காரியமில்லை. பெண்கள் பக்கம் ஒரு முனகல் எழுந்து அடங்கியது.

"'எங்க ஆளு ஒருத்தர்'னும் வேணாமுங்க. யாருன்னு சொல்லுங்க மேஸ்திரி" என்றார்.

"நான்தான் குடுத்தேன்" என்றேன். என்ன கொடுத்தேன், என்ன சொன்னேன், நாலாம் நாள் வாசலில் என்ன பார்த்தேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். தீர்த்தகிரி பொய் சொன்னபோது வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சொன்னேன். மிச்சத்தை மாதம்மாள் சொன்னார்.

"வெத்தலையைத் தின்னு எனக்கு ஒண்ணும் ஆவலை. தண்ணி கலக்காத சாறை எடுத்துத் தலையில தேச்சிக்கினேன். அதான் கேடு. கொடிக்கு அளவா அடிங்க, பத்து நாளு கிள்ளாதீங்க, மிச்சத்தைப் பொதைச்சிடுங்க. அந்தப் பருத்திப் பொடியை மட்டும் கொடிக்கால் பக்கம் கொண்டாராதீங்க. அதைத் தேச்சிக்கக்கூட வேணாம், அடிச்ச இலையைத் தின்னாலே உசுரு பூடும்."

"இப்ப உங்க இலையை யார் தின்னுவாங்க?" என்று ஒருவர் கேட்டார்.

மாதம்மாள் கூடையை இறக்கினார். இரண்டாவது தெளிப்புக்குப் பிறகு ஒரு மாதம் கழித்துக் கிள்ளிய இலை. ஒரு செம்புத் தண்ணீர் வாங்கி இரண்டு இலையை அலசினார். காம்பைக் கிள்ளினார், சுண்ணாம்பு தடவினார், பாக்கு வைத்து மடித்து வாயில் போட்டு மென்றார். அவசரமில்லாமல், வீட்டு வேலை முடித்து உட்கார்ந்து போடுவதுபோல மென்றார். தீர்த்தகிரி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இரண்டு எடுத்துக்கொண்டார். அடுத்து ராவ் சார். நான் இருந்த இடத்திலேயே நின்றேன். கையை நீட்ட எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது என்று தோன்றியது.

மாதம்மாள் இன்னும் இரண்டு இலையை அலசிச் சுண்ணாம்பு தடவினார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"மேஸ்திரி, காலையில பம்பைத் தொட்டீங்களா?"

"இல்லீங்க. தொடக்கூடாதுன்னு உத்தரவு."

"இருந்தாலும் கைய நல்லாக் கழுவிட்டு வாங்க."

கிணற்றடிக்குப் போய், முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினேன். திரும்பி வந்தபோது கூடையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் குந்தியிருந்தார்கள். அவர் மடித்த இலையை அதுவரை யாருக்கும் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார். வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். நல்ல காரமான இலை.